‘இல்லை’ என்று சொல்லாத திரை

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் நாகவல்லி இருநூற்றுக்கு எழுபத்தொன்று வாங்கினாள். எழுபது வாங்கினால் தேர்ச்சி. அதற்கு மேல் படிக்க வைக்கும் எண்ணம் வீட்டில் யாருக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. அவள் அப்பா வேம்புலி நூம்பலில் நெல் வயல்களில் கூலி வேலை செய்தவர். வயல்கள் மனைகளாகி விற்றுத் தீர்ந்த பிறகு, திருமழிசைத் தொழிற்பேட்டையில் வாகன உதிரிப் பாகங்கள் கடைந்து தரும் ஒரு கம்பெனிக்குக் காவலாளியாகப் போனார். மகளையும் அங்கேயே சேர்த்துவிட்டார். அது 2008. அவளுக்குப் பத்தொன்பது வயது.

முதல் மூன்று வருடம் அவளுக்குக் கொடுத்த வேலை, மெஷினிலிருந்து வரும் உருப்படிகளின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுப்பது. அவள் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே சிஎன்சி மெஷின் ஒன்று இருந்தது. கணினி சொல்கிறபடி தானாகவே இரும்பைக் கடையும் மெஷின். அதன் சின்னத் திரையில் வரிவரியாக எழுத்தும் எண்ணும் ஓடும். ஒவ்வொரு வரி ஓடும்போதும் கருவி எங்கே போகிறது என்று அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அந்த வரிகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பாள். G00 வந்தால் வேகமாக ஓடும், G01 வந்தால் மெதுவாக அறுக்கும் என்று தானாகவே கண்டுபிடித்தாள்.

நான்காம் வருடம் அவளை மெஷினில் நிறுத்தினார்கள். ஆறாம் வருடம், புரோகிராமில் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்யலாம் என்று மேலாளர் பார்த்தசாரதி அனுமதி கொடுத்தார். அடுத்த மாதமே பெரிய தவறு ஒன்று நடந்தது. ஐம்பது என்று அடித்தவள் அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்க மறந்துவிட்டாள். புள்ளி இல்லாவிட்டால் அந்த மெஷின் அதை ஐம்பது மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளாது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். தள்ளி நிற்க வேண்டிய கருவி மயிரிழை தள்ளி நின்றது. அடுத்த வரியில் வேகமாகத் திரும்பி, உருப்படியைப் பிடித்திருக்கும் சக்கில் மோதியது. அந்தச் சத்தம் கேட்டு காவலாளி அறையிலிருந்து அவள் அப்பா ஓடி வந்தார்.

“யாரு எடிட் பண்ணது?” என்று பார்த்தசாரதி கேட்டார்.

“நான்தான் சார். புள்ளி வுட்டுட்டேன்.”

ஐந்து மாதம் திரும்பவும் அரம் பிடித்தாள். பிறகு கூப்பிட்டு மெஷினில் நிறுத்தினார்கள், ஆள் இல்லாததால். இன்று அந்தக் கம்பெனியின் நான்கு மெஷின்களுக்கும் புரோகிராம் எழுதுகிறவள் அவள்தான். கல்யாணம் ஆகி அதே நூம்பலிலேயே இருக்கிறாள். கணவன் டில்லிபாபு ஒரு பள்ளிக்கு வேன் ஓட்டுகிறான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் வெளியில் பேசுவதில்லை.

2022 டிசம்பரில் சாரணர் குழு ஒன்று தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தது. பருத்திப்பட்டில் உள்ள ஒரு பள்ளியின் பிள்ளைகள், இருபத்திரண்டு பேர். பாதிப் பேரின் அப்பாக்கள் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள். குழுவைக் கூட்டி வந்த சாரண ஆசிரியர் ஜானகிராமன் அம்பாசமுத்திரத்துக்காரர். ஆவடிக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருந்தது. அன்று பார்த்தசாரதி ஏதோ வாடிக்கையாளர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால், பிள்ளைகளுக்கு மெஷினைக் காட்டும் வேலை நாகவல்லி தலையில் விழுந்தது.

இருபது நிமிடம் பேசியிருப்பாள். எழில் என்ற ஏழாம் வகுப்புப் பெண் கை தூக்கினாள்.

“இப்படிப் போ, அப்படிப் போன்னு இதுக்கு யாரு சொல்றது?”

“நான்தான் சொல்றேன். இதோ, இங்க எழுதிக் கீது பாரு.”

அவள் மெஷினின் கதவைத் திறந்து வைத்து, கையில் வெறும் பேனாவை வைத்துக்கொண்டு, திரையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் கருவி எப்படி நகரும் என்று காட்டினாள். பிள்ளைகள் வரிசையைக் கலைத்துக்கொண்டு நெருங்கி வந்தார்கள். ஜானகிராமன் அவர்களை விரட்டவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் அவர் போன் செய்தார். சாரணர்களுக்குக் கணினித் திறனுக்கு ஒரு பேட்ஜ் உண்டு; பள்ளியில் பத்துக் கணினி இருக்கிறது, அதில் ஆறு ஓடுகிறது; சொல்லித் தர ஆள் இல்லை.

“சார், எனக்குக் கம்ப்யூட்டர்லாம் தெரியாது. மெஷின்தான் தெரியும்.”

“அன்னிக்கு எங்க பிள்ளையளுக்குச் சொன்னியள்லா, அந்த மாதிரிச் சொன்னாப் போதும். ஞாயித்துக்கெழம காலையில ரெண்டு மணி நேரம். வாரியளா?”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பைத்தான் என்று ஒரு கணினி மொழி இருக்கிறது, பிள்ளைகள் அதில் தொடங்குவார்கள் என்று கேள்விப்பட்டு, மறுநாள் வேலப்பன்சாவடியிலிருந்து திருமழிசை போகும் பேருந்தில் போனிலேயே ஒரு பாடம் பார்த்தாள். பாதி புரிந்தது. திரும்பி வரும்போது அதையே மறுபடி பார்த்தாள். நான்காம் நாள் ஜானகிராமனுக்கு வருகிறேன் என்று சொன்னாள்.

டில்லிபாபுவுக்கு இது பிடிக்கவில்லை. “வாரம் பூரா கம்பேனி. ஞாயித்துக்கெழம ஒரு நாள் ஊட்ல கீறே. அதுவும் போவணுமா?”

“பத்து மணிக்குப் போயி பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிடும்யா.”

“இன்னா குடுக்குறாங்க?”

“டீ குடுப்பாங்க.”

அவன் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் மறுப்பு சொல்லவில்லை. பிடித்துவிட்டது என்றும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு கணினி அறையின் சாவி கிடைக்கவில்லை. வைத்திருந்தவர் ஊருக்குப் போயிருந்தார். பதினான்கு பிள்ளைகள் சீருடையில், கழுத்தில் ஸ்கார்ஃபோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு கயிறு இருந்தது. அதற்கு முன்பு முடிச்சுப் போடும் பயிற்சி நடந்திருந்தது. நாகவல்லி ஒரு கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

“எனக்கு இந்த முடிச்சு போடத் தெரியாது. எப்டிப் போடுறதுன்னு ஆளுக்கொரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனத மட்டும்தான் நான் செய்வேன். எழுதாதது எதுவும் செய்ய மாட்டேன்.”

எட்டாம் வகுப்பு ஸ்ரீகாந்த் முதலில் நீட்டினான். ‘வலது கயிற்றை இடது கயிற்றின் மேல் போடவும்’ என்று இருந்தது. அவள் ஒரு முனையை இன்னொரு முனையின் மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

“சுத்தணும் மிஸ்!”

“எழுதலையே.”

“அது தெரியும்ல!”

“எனக்குத் தெரியாது. மெஷினுக்கும் தெரியாது.”

அவன் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போய் எழுதினான். ‘சுற்றவும்’ என்று திருத்தி வந்தான். அவள் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். பதினான்கு பேரும் கத்தினார்கள். ஒரு மணி நேரம் போனது. ஒருவர் எழுதியதும் சரியாக வரவில்லை. கடைசியில் எழிலும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து பதினோரு வரி எழுதினார்கள். அந்தப் பதினோரு வரியை அப்படியே செய்ததில் நாகவல்லி கையில் முடிச்சு விழுந்தது. இழுத்துப் பார்த்தாள், நின்றது.

“இதான் புரோகிராம்” என்றாள். “அடுத்த வாரம் சாவி வாங்கி வைங்க. அப்புறம், மிஸ்ஸுன்னு கூப்டாதீங்க. அக்கான்னு கூப்டுங்க.”

அதன் பிறகு வந்த வாரங்களில் வகுப்பு மவுஸ் பிடிப்பதிலிருந்து தொடங்கியது. கோப்பை எங்கே சேமித்தோம் என்று மறந்துபோகிற பிள்ளைகள், தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாத பிள்ளைகள், எதைத் தொட்டால் கெட்டுப்போகுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். நாகவல்லி அவர்களைவிட ஒரே ஒரு வாரம் முன்னால் இருந்தாள். இந்த ஞாயிறு சொல்லித் தருவதைப் போன ஞாயிற்றுக்குப் பிறகுதான் பேருந்தில் கற்றிருப்பாள். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் தானாக எடுத்துச் சொல்லவும் இல்லை.

ஏப்ரலில் ஒரு நாள், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் வரியை எழுதிக் காட்டினாள். ஒன்று, பத்து என்று இரண்டு எண்களை வைத்துவிட்டு, “இது ஒண்ணுலேந்து பத்து வரிக்கும் போவும்” என்றாள்.

“ஒம்பதோட நின்னுடும்க்கா” என்றாள் எழில்.

“பத்துன்னு எழுதியிருக்கோம். பத்து வரிக்கும்தான் போவும்.”

“இல்லக்கா. பத்துக்கு முன்னாடியே நிக்கும்.”

ஓட்டினார்கள். ஒன்பதில் நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்புகூட இல்லை, யாராவது தடுக்கினால் வருகிற சிரிப்பு. நாகவல்லியும் சிரித்தாள். ஆனால் பூந்தமல்லியில் பேருந்து மாறும்வரை அவளுக்கு முகம் எரிந்துகொண்டிருந்தது. அவள் மெஷின் அப்படி இல்லை. பத்து என்றால் பத்துக்குப் போகும். பத்து என்று எழுதியதை ஒன்பது என்று எடுத்துக்கொள்கிற ஒன்றைத் தான் எதற்குச் சொல்லித் தர வேண்டும் என்று நினைத்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இருக்கும் நிச்சயம் தனக்கு இல்லையே என்றும் நினைத்தாள். அடுத்த ஞாயிறு காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை.

மூன்றாம் வாரம் புதன்கிழமை எழில் அனுப்பிய குரல் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் மன்னிப்பும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. “அக்கா, லிஸ்ட்ல நடுவுல ஒண்ண எடுத்துட்டா மிச்சம் இருக்கறது எல்லாம் முன்னாடி தள்ளி வந்துடுமா, இல்ல அந்த இடம் காலியா நிக்குமா? ஸ்ரீகாந்த் காலியா நிக்கும்னு சண்ட போடறான்.”

நாகவல்லிக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் தேடினாள். இரண்டு இடத்தில் படித்துச் சரிபார்த்துக்கொண்டு, “தள்ளி வந்துடும். ஸ்ரீகாந்த் தோத்தான்” என்று பதில் அனுப்பினாள். அந்த ஞாயிறு போனாள். வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிட்டாள், “எனக்குத் தெரியாததும் வரும். அப்ப ஓட்டிப் பாத்துக்கலாம்.” அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடி மாதத்தில் பக்கத்து ஊர் அம்மன் கோவிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கூட்டம் வரும். சாரணர்கள் ஒவ்வொரு வருடமும் அங்கே போய்த் தண்ணீர் கொடுப்பார்கள், வரிசையை ஒழுங்கு செய்வார்கள், தொலைந்த பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பேருந்து நிறுத்தத்தருகே ஒரு பந்தல், குளத்தருகே ஒரு பந்தல். இந்த வருடம் அதற்கு ஒரு புரோகிராம் எழுதலாம் என்று சொன்னது எழில். குளத்துப் பந்தலில் கிடைக்கும் குழந்தையின் பெயரைப் போனில் சொல்வார்கள். பேருந்துப் பந்தலில் இருக்கும் மடிக்கணினியில் ஏற்றுவார்கள். பெற்றோர் வந்து பெயர் சொன்னால், அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பந்தலில் என்று திரையில் வரும். ஐந்து வாரம் உட்கார்ந்து எழுதினார்கள். தங்கள் பெயர்களையே போட்டு முப்பது நாற்பது தடவை சோதித்தார்கள். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

முதல் ஞாயிறு பத்தரை மணிக்குக் கொரட்டூரிலிருந்து வந்த ஒரு பெண் பேருந்துப் பந்தலுக்குள் ஓடி வந்தாள். மூன்று வயது மகனைக் காணவில்லை.

“பேர் சொல்லுங்கம்மா” என்றாள் எழில்.

“திலீபன்.”

எழில் அடித்தாள். திரையில் பெரிய எழுத்தில் ‘இல்லை’ என்று வந்தது. அந்தப் பெண் எழுதப் படிக்கத் தெரிந்தவள். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு எது சொன்னாலும் காதில் ஏறவில்லை. அவள் கணவர் கூட்டத்துக்குள் ஓடினார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழில் பெயரை மறுபடி அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ வந்தது. நாகவல்லி அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தி, லீ, ப, ன். பிழை இல்லை.

முப்பத்தைந்து நிமிடம் கழித்துத்தான் நாகவல்லிக்கு அது தோன்றியது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கினாள். “வாம்மா. அங்க இன்னொரு பந்தல் கீது. போயி ஒரு தபா பாத்துட்டு வந்துடலாம்.”

குளத்துப் பந்தலில் ஐந்து குழந்தைகள் இருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். பேர் கேட்டவர்களிடம் அவன் ‘பப்பு’ என்று சொல்லியிருந்தான். வீட்டில் அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பட்டியலில் பப்பு என்றே ஏறியிருந்தது. அவன் அங்கே வந்து ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு பந்தல்களுக்கும் நடுவே இருநூறு அடி தூரம்கூட இருக்காது.

குழந்தையின் அப்பா திரும்பி வந்து கத்தினார். “இன்னா, வெளாட்டா? பொட்டிய வச்சிகினு குந்திக்கினு இல்ல இல்லன்னா இன்னா அர்த்தம்? நாலு எட்டு நடந்து போயி பாத்தா ஆவாதா?”

ஜானகிராமன் அவரிடம் கை கூப்பினார். எழில் மடிக்கணினியை மூடினாள். அன்று மீதி நேரம் முழுக்க நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதினார்கள். நாகவல்லி தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அந்த அப்பா சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் நிமிடத்திலேயே அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது சரி, தான் எதற்குப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் பள்ளிக்கு வரச் சொன்னாள். எழில் வருவாளா என்று சந்தேகம் இருந்தது. வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பேர் பாக்குற வரி நான்தான் எழுதினேன்” என்றாள் தானாகவே.

“யாரு எழுதுனதுன்னு நான் கேக்கல. எங்க தப்புன்னு கேக்குறேன்” என்றாள் நாகவல்லி. “ஒரு கொழந்த தனியா நிக்குது. பேர் சொல்லத் தெரியல. அத்தப் பாத்தா உனக்கு மொதல்ல இன்னா தெரியும்?”

“சட்டை.”

“மொட்ட” என்றான் ஸ்ரீகாந்த்.

“அங்க வர்ற பாதிக் கொழந்தைங்க மொட்டதான்டா” என்றாள் இன்னொருத்தி. மொட்டையை நீக்கினார்கள். சட்டை நிறம், ஆணா பெண்ணா, ஏறக்குறைய எத்தனை வயது, காலில் செருப்பா கொலுசா வெறுங்காலா, கழுத்தில் என்ன, இடுப்பில் என்ன என்று பலகை நிறைந்தது. நிறத்திலேயே சண்டை வந்தது. ஒருவர் சிவப்பு என்பதை இன்னொருவர் மெரூன் என்பார். ரோஸ் என்றால் எது ரோஸ்? கடைசியில் நிறங்களை எட்டாகக் குறைத்து, பந்தலில் வண்ணத் தாள்களை ஒட்டி வைத்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லலாம் என்று முடிவானது. முழுப் பொருத்தம் தேட வேண்டாம்; ஒவ்வொன்றும் பொருந்தினால் ஒரு மதிப்பெண்; அதிக மதிப்பெண் பெற்ற மூன்று குழந்தைகளைத் திரையில் காட்டினால் போதும், பிறகு ஒரு சாரணர் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பந்தலுக்கு நடக்க வேண்டும். ‘நடக்க வேண்டும்’ என்பதை நாகவல்லி பலகையில் தனியாக எழுதிக் கோடு போட்டாள்.

எல்லாம் முடிகிற நேரத்தில் எழில் எழுந்து முன்னால் வந்தாள்.

“இல்லைன்னு வரக் கூடாதுக்கா.”

“பின்ன?”

“‘இன்னும் வரவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்’னு வரணும். அந்த அம்மா அந்த வார்த்தையப் பாத்துத்தான் உக்காந்துட்டாங்க.”

அந்த ஒரு வரியை அவளையே மாற்றச் சொன்னார்கள்.

ஜானகிராமனுக்கு நம்பிக்கை வரவில்லை. “நோட்டும் கூடவே இருக்கட்டும். நோட்டுதான் முதல்ல. இது ரெண்டாவது. சொல்லிட்டேன்” என்றார். நாகவல்லியும் அதையே நினைத்திருந்தாள். அடுத்த மூன்று ஞாயிறுகளில் பதினாறு குழந்தைகள் தொலைந்தார்கள். ஒன்பது பேரைப் புரோகிராம் முதல் மூன்று இடத்துக்குள் காட்டியது. நால்வரை நோட்டைப் பார்த்தவர்கள் அதைவிட விரைவாகக் கண்டுபிடித்தார்கள். மூன்று பேரை எதிலும் ஏற்றுவதற்கு முன்பே பெற்றோர் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். இந்த எண்ணிக்கையை எழில் ஒரு தாளில் எழுதிக் கணினி அறைச் சுவரில் ஒட்டினாள். நோட்டு ஜெயித்த நான்கையும் விடாமல் எழுதினாள்.

நவம்பரில் பேட்ஜுக்கான தேர்வு நடந்தது. தேர்வு நடத்த வந்தவர் கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார், அட்டவணை போடச் சொன்னார், கணினியை முறைப்படி அணைக்கச் சொன்னார். கோவில் புரோகிராமைக் காட்டட்டுமா என்று ஸ்ரீகாந்த் கேட்டதற்கு, நேரம் இல்லை தம்பி என்றார். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் தேறினார்கள். மற்ற இரண்டு பேரும் ஆறு மாதம் கழித்துத் தேறினார்கள்.

2024 மே மாதம் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட் தொடங்கியது. அதற்கு மேற்பார்வையாளராக இருக்க பார்த்தசாரதி நாகவல்லியைக் கேட்டார். பதினாறு வருடத்தில் அவளுக்கு வந்த முதல் பெரிய வாய்ப்பு அது. ஆனால் மாதத்தில் மூன்று ஞாயிறு வர வேண்டியிருக்கும்.

“ஞாயித்துக்கெழம ஆவாது சார்.”

“ஸ்கூல் பசங்களுக்காகவா? யோசிச்சுச் சொல்லும்மா. இது திரும்ப வராது.”

அவள் இரண்டு நாள் யோசித்தாள். டில்லிபாபுவிடம் கேட்டாள், அவன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, “நீ அங்கேந்து வர்றப்போ சண்ட போட மாட்ட. கம்பேனிலேந்து வந்தா போடுற. நீயே பாத்துக்க” என்றான். அவள் வேண்டாம் என்று சொன்னாள். அவளைவிட எட்டு வயது இளையவரான அருள்மொழிக்கு அந்தப் பதவி கிடைத்தது. முதல் நாள் அவரிடம் போய் இரண்டாவது ஷிப்டுக்கான புரோகிராம் கோப்புகளை ஒப்படைத்தாள். முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. வருத்தமே இல்லை என்று அவள் இன்றும் சொல்வதில்லை.

2025 ஏப்ரலில் ஜானகிராமன் ஓய்வு பெற்று அம்பாசமுத்திரம் போய்விட்டார். கிருஷ்ணப்பிரியா என்ற இளம் ஆசிரியை குழுவை ஏற்றுக்கொண்டார். ஜூனில் எழிலின் அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. போகும் முன் கடைசி ஞாயிறும் எழில் வகுப்புக்கு வந்து, பன்னிரண்டு மணிக்கு மற்றவர்களோடு சேர்ந்தே கிளம்பிப் போனாள். வாட்ஸ்அப்பில் எப்போதாவது ஒரு கேள்வி அனுப்புவாள். சில நேரம் நாகவல்லிதான் அவளுக்குக் கேள்வி அனுப்புவாள்.

செப்டம்பரில் கம்பெனி ஒரு புது மெஷின் வாங்கியது. அதன் பயிற்சிக்குப் பத்து நாள் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது, நடுவில் இரண்டு ஞாயிறு. வகுப்பை விட்டுவிடலாம் என்றுதான் நாகவல்லி கிருஷ்ணப்பிரியாவிடம் சொன்னாள். பிள்ளைகள் விடவில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஸ்ரீகாந்த் சாவியை வாங்கிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த ஒன்பது பேரையும் உட்கார வைத்துத் தானே எடுத்தான்.

மூன்றாம் ஞாயிறு அவள் போனபோது வகுப்பு தொடங்கியிருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கு வரும் பறவைகளை எண்ணிப் பதிவு செய்ய ஒரு திட்டம் பலகையில் இருந்தது. வரைபடம் போடும் வரிகள் சில அவளுக்குப் புதிது. ஸ்ரீகாந்த் அவளைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

“வாங்கக்கா. நீங்க எடுக்குறீங்களா?”

“நீ எடு. நான் பாத்துகினு கீறேன்.”

பின் வரிசையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பையை நகர்த்தி இடம் கொடுத்தான். அவள் உட்கார்ந்து போனை எடுத்து, பலகையைப் படம் பிடித்துக்கொண்டாள்.